டிப்பர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை அளக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

தேனி மாவட்டம் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பகுதிகளில் தென்னை, இலவம், கொட்டை முந்திரி, தக்காளி என்று பலவகை விவசாயம் நடக்கிறது. கோடையில் கண்மாய்க் கரம்பை அடிக்க வேண்டும். மழைக்கு முன் தொழுவுரம் கொண்டுவர வேண்டும். தேங்காயும் காய்கறியும் சந்தைக்குப் போக வேண்டும். இவற்றுக்கெல்லாம் வாடகை வண்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, சொந்தமாக ஒரு சின்ன டிப்பர் வாங்கினால் என்ன என்ற எண்ணம் பல விவசாயிகளுக்கு உண்டு. விவசாயம் இல்லாத மாதங்களில் வெளி வாடகைக்கும் ஓட்டலாம் என்பது கூடுதல் கணக்கு.

எண்ணம் சரிதான். ஆனால் வண்டி பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் தவறாக இருக்கிறது. "இதில் எத்தனை யூனிட் பிடிக்கும்?" என்று கேட்கிறோம். விற்பவரும் "ஒரு யூனிட் தாராளமாகப் பிடிக்கும்" என்கிறார். அவர் சொல்வது பெட்டியின் கொள்ளளவு. சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி பெட்டியை அளக்க மாட்டார். எடை மேடையில் ஏற்றி, மொத்த எடை எத்தனை கிலோ என்றுதான் பார்ப்பார். பெட்டி பிடிப்பது வேறு. சட்டப்படி ஏற்றக்கூடியது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கி வண்டி எடுத்தால், தவணை கட்டுவதற்காகவே ஒவ்வொரு நடையும் அதிக பாரம் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

மூன்று எடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, வண்டியின் மொத்த எடை. வண்டி, டீசல், டிரைவர், லோடுமேன், பாரம் எல்லாம் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது, வண்டியின் வெறும் எடை. பாரமும் ஆளும் இல்லாதபோது வண்டி இருக்கும் எடை இது.

மொத்த எடையிலிருந்து வெறும் எடையையும் ஆட்களின் எடையையும் கழித்தால் வருவதுதான் மூன்றாவது எடை. அதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். உங்கள் தொழில் நிற்பது இந்த மூன்றாவது எண்ணின் மீதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விளம்பரத் தாளில் போடப்படும் பாரம் பல நேரங்களில் அதே சேசிஸில் வரும் சாதாரண திறந்த பாடிக்கு உரியது. டிப்பருக்கு இரும்புப் பெட்டி, அதைத் தாங்கும் கூடுதல் சட்டம், ஹைட்ராலிக் ஜாக்கி, பம்ப், எண்ணெய்த் தொட்டி எல்லாம் சேரும். மொத்த எடையின் வரம்பு மாறாது. அதனால் பாடியின் எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாரம் குறையும். ஒரே மாடலில் திறந்த பாடி வண்டி ஏற்றும் பாரத்தை டிப்பர் ஏற்ற முடியாது.

ஆகவே ஷோரூமில் "பாரம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த டிப்பர் பாடியோடு வெறும் எடை எவ்வளவு? எடை மேடைச் சீட்டு காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதே மாடலை ஏற்கெனவே ஓட்டுபவர் அருகில் இருந்தால், டீசல் நிரப்பி வெறும் வண்டியை ஒருமுறை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எடை மேடைக்கு ஆகும் செலவு சிறிதுதான்.

நீங்கள் ஏற்றும் பொருள் எவ்வளவு கனம்?

கட்டட வேலையில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காய்ந்த மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ இருக்கும். அப்படியானால் ஒரு யூனிட் மணல் சுமார் 4,500 கிலோ. ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். பொருளுக்குப் பொருள் எடை மாறும். தோராயமாகக் கீழே உள்ள கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த மணல்: கன அடிக்கு 45 கிலோ
ஈர மணல்: கன அடிக்கு 50 கிலோவுக்கு மேல்
ஜல்லி: கன அடிக்கு 42 முதல் 45 கிலோ
ஈரக் கரம்பை: கன அடிக்கு 50 கிலோ
நன்றாகக் காய்ந்த கரம்பை: கன அடிக்கு 40 கிலோ வரை
தொழுவுரம்: ஈரத்தைப் பொறுத்து கன அடிக்கு 15 முதல் 22 கிலோ
செங்கல்: 1,000 கல் சுமார் 3,000 கிலோ
உரித்த தேங்காய்: 1,000 காய் சுமார் 500 முதல் 600 கிலோ
சிமெண்ட்: 20 மூட்டை 1,000 கிலோ

இந்தப் பட்டியலில் இரண்டு வகைப் பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். தொழுவுரம் ஏற்றினால் பெட்டி நிறைந்துவிடும், பாரம் மிச்சமிருக்கும். இலவங்காய், தென்னை மட்டை போன்றவையும் இப்படித்தான். மணல், ஜல்லி, கரம்பை ஏற்றினால் பெட்டி பாதி தாண்டும்போதே சட்டப்படியான பாரம் முடிந்துவிடும். உங்கள் வேலையில் எது அதிகம் என்று பார்த்துத்தான் வண்டியின் அளவை முடிவு செய்ய வேண்டும். இரண்டும் உண்டு என்றால், கனமான பொருளை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

புரிவதற்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் மொத்த எடை 7,490 கிலோ. டிப்பர் பாடியோடு எடை மேடையில் வெறும் எடை 3,450 கிலோ. டிரைவரும் உதவியாளரும் சேர்ந்து 150 கிலோ. மீதி 3,890 கிலோதான் பாரம்.

இந்த வண்டியின் பெட்டி 10 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், 2 அடி உயரம். கொள்ளளவு 110 கன அடி. ஒரு யூனிட்டுக்கும் அதிகம். விற்பவர் சொன்னது பொய் இல்லை.

ஆனால் 3,890 கிலோவுக்குக் காய்ந்த மணல் என்றால் 86 கன அடிதான் ஏற்றலாம். பெட்டியில் 19 அங்குல உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஈரக் கரம்பை என்றால் 78 கன அடி. 17 அங்குல உயரம். பெட்டியின் மேல்விளிம்பு வரை இன்னும் 7 அங்குலம் காலியாக இருக்கும்போதே வண்டியின் பாரம் முடிந்துவிட்டது.

இதே வண்டியில் ஒரு யூனிட் மணலை ஏற்றினால் என்ன ஆகும்? 4,500 கிலோ மணல், 3,450 கிலோ வண்டி, 150 கிலோ ஆட்கள். மொத்தம் 8,100 கிலோ. வரம்பைவிட 610 கிலோ அதிகம். இத்தனைக்கும் இது குவித்து ஏற்றிய பாரம் அல்ல. பெட்டி விளிம்புகூடத் தொடாத பாரம்.

ஒரு யூனிட் மணலைச் சட்டப்படி ஏற்ற வேண்டும் என்றால் 7,500 கிலோ வண்டியின் வெறும் எடை 2,850 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டியும் ஜாக்கியும் சேர்ந்த டிப்பர் அவ்வளவு எடை குறைவாக இருப்பது அரிது. அதனால் "ஒரு யூனிட் வண்டி" என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் சின்ன டிப்பர்களில் பலவற்றுக்குச் சட்டப்படி முக்கால் யூனிட்டுக்கு மேல் தாங்காது. வாடகைக் கணக்கையும் கடன் தவணைக் கணக்கையும் அந்த முக்கால் யூனிட்டை வைத்துப் போடுங்கள். அதில் லாபம் வந்தால் வாங்குங்கள். ஒரு யூனிட் ஏற்றினால்தான் கட்டுபடியாகும் என்றால் அந்த வண்டி உங்கள் வேலைக்குச் சின்னது.

ஒரு ஏக்கருக்குக் கரம்பை அடிக்க எத்தனை நடை?

கண்மாய், குளங்களில் இருந்து விவசாயத்துக்கு வண்டல் மண் எடுக்கத் தமிழ்நாடு அரசு அனுமதி தருகிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. 90 கன மீட்டர் என்றால் சுமார் 3,180 கன அடி.

மேலே சொன்ன வண்டியில் ஈரக் கரம்பையைச் சட்டப்படி 78 கன அடி வீதம் ஏற்றினால் ஒரு ஏக்கர் புன்செய்க்கு 41 நடை. காய்ந்த பிறகு ஏற்றினால் ஒரு நடைக்கு 97 கன அடி ஏற்றலாம். 33 நடை போதும். எட்டு நடை மிச்சம். கண்மாயின் அடிமண் நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டினாலே போதும், டீசல் செலவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இதே வேலையைக் குட்டி யானையில் செய்தால்? டாடா நிறுவனம் 2005-ல் டாடா ஏஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது அதன் பாரம் முக்கால் டன். காய்ந்த கரம்பையை 750 கிலோ வீதம் ஏற்றினால் ஒரு ஏக்கருக்கு 170 நடை வரும். காய்கறிக்கும் தேங்காய்க்கும் நல்ல வண்டி அது. மண் வேலைக்கு ஆகாது. டிப்பர் பாடி போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதற்காக மண் வேலைக்கு வாங்கிவிடக் கூடாது.

3,000 கிலோ, 7,500 கிலோ: இரண்டு கோடுகள்

சின்ன சரக்கு வண்டிகளில் சட்டம் இரண்டு இடங்களில் கோடு போடுகிறது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் போனால் சொந்தப் பொருளை ஏற்றினாலும் பெர்மிட் வேண்டும். கம்பம், குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், தமிழ்நாட்டுப் பெர்மிட் மட்டும் போதாது. எந்த வகைப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்பதை வண்டி பதிவு செய்யும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடு 7,500 கிலோ. மொத்த எடை இதற்குள் இருக்கும் சரக்கு வண்டி, சட்டப்படி இலகுரக வாகனம். கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர் இத்தகைய சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற கேள்வி காப்பீட்டு வழக்குகளில் பல ஆண்டுகள் இழுத்தது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. விபத்து இழப்பீட்டில் உரிமத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதற்கு இந்த அளவில் இடமில்லாமல் போனது.

7,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்குத் தனி உரிமம் வேண்டும். அதைப் பெற, இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் மகனோ மருமகனோ ஓட்டப்போகிறார் என்றால், அவருடைய உரிமம் எந்த வகை என்று பார்த்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைப்பதாக இருந்தால் பெரிய வண்டிக்கு ஏற்ற உரிமம் உள்ளவர் ஊரில் கிடைப்பாரா என்றும் யோசியுங்கள்.

இன்னொரு பேச்சும் காதில் விழும். "2018-ல் மத்திய அரசே பாரத்தைக் கூட்டிவிட்டது, கொஞ்சம் கூட ஏற்றினால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு கூட்டப்பட்டது உண்மை. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. ஆனால் எந்த வண்டிக்கும் தயாரிப்பாளர் நிர்ணயித்த எடைக்கு மேல் போக அந்த அறிவிப்பு இடம் தரவில்லை. உங்கள் ஆர்.சி.யில் 7,490 என்று இருந்தால் உங்களுக்கு வரம்பு 7,490-தான்.

பிடிபட்டால் என்ன ஆகும்?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படியான பாரத்தை இறக்கும் செலவும் உங்களுடையது. இறக்காமல் வண்டியை நகர்த்த விட மாட்டார்கள். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் பொறுப்பு.

எடை போட நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் போனாலோ, எடை போடுவதற்கு முன் பாரத்தைக் கொட்டிவிட்டாலோ அபராதம் 40,000 ரூபாய். வைக்கோல், இலவங்காய் போன்றவற்றைப் பக்கவாட்டிலும் உயரத்திலும் அளவுக்கு மீறி நீட்டி ஏற்றினால், எடை குறைவாக இருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

மேலே பார்த்த 610 கிலோ, அதாவது சுமார் 14 கன அடி மணல், ஒரு நடைக்கு உங்களுக்கு எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுக்கும் என்று கணக்குப் பாருங்கள். 20,000 ரூபாயை அதனால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை பிடிபட்டால் எத்தனை நடையின் லாபம் போகும் என்பது புரியும்.

அபராதம் பணத்தோடு முடிந்துவிடும். விபத்து அப்படி முடியாது. பிரேக், ஸ்பிரிங், டயர், அச்சு எல்லாம் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அதிக பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டியில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். எதிரே ஆட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் வரலாம். விபத்துக்குப் பின் எடைச் சீட்டு வழக்கில் சாட்சியாகும். காப்பீட்டிலும் தகராறு கிளம்பும்.

பாடி கட்டும்போது கவனிக்க வேண்டியவை

சேசிஸ் வாங்கிப் பட்டறையில் பாடி கட்டுவதாக இருந்தால், "தகடு கனமாகப் போடுங்கள், ரொம்ப நாள் உழைக்கட்டும்" என்று சொல்லத் தோன்றும். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ இருக்கும். நம் மாதிரி வண்டியின் 10 அடி பெட்டிக்குத் தரையும் நான்கு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 11 சதுர மீட்டர் தகடு வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டர் கூட்டும்போதும் 85 கிலோ கூடும். அந்த 85 கிலோவும் உங்கள் பாரத்திலிருந்து போகிறது. வண்டியின் ஆயுள் முழுக்க ஒவ்வொரு நடையிலும் போகிறது.

தேய்மானம் அதிகம் தரைத் தகட்டில்தான். அதைக் கனமாகவும் பக்கத் தகடுகளைச் சற்று மெல்லியதாகவும் போடச் சொல்லலாம். ஜல்லி, கருங்கல் ஏற்றாமல் மண்ணும் உரமும் மட்டும் ஏற்றுபவருக்கு அதிகக் கனம் தேவையில்லை.

பெட்டியின் உயரத்தை ஆர்.சி.யில் பதிவான அளவுக்கு மேல் பலகையோ தகடோ வைத்துக் கூட்டாதீர்கள். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போதும் இது பிரச்சினையாகும். புதிய சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருக்கும்.

பாடி கட்டி முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு எளிய வேலை உண்டு. பெட்டியின் உட்புறம் இரண்டு கோடுகள் பெயின்டால் போடுங்கள். ஒன்று ஈரக் கரம்பைக்கு, மற்றொன்று காய்ந்த மணலுக்கு. ஜே.சி.பி. ஓட்டுபவரிடம் "இந்தக் கோட்டோடு நிறுத்துங்கள்" என்று சொன்னால் போதும். முதல் நாளில் ஒரு நடையை எடை மேடையில் போட்டுப் பார்த்து, கோடு சரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாரத்தைப் பெட்டியின் பின்பக்கம் குவிக்காமல் பரவலாக ஏற்றச் சொல்லுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், பின் அச்சின் எடை அதன் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

விலை பேசும் முன் ஆர்.சி.யில் பாடி வகை டிப்பர் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த பாடியாகப் பதிவான வண்டியில் பிறகு ஜாக்கி பொருத்தி, அதைப் பதிவு செய்யாமல் விற்பவர்கள் உண்டு. அந்தத் தலைவலி வாங்கியவருக்கு வந்து சேரும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எஃப்.சி., காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை இருக்கின்றன என்று பாருங்கள். வரி, பெர்மிட் நிலுவை, கட்டாத அபராதம், முடியாத கடன் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள வெறும் எடையைவிடச் சில நூறு கிலோ அதிகம் காட்டினால், தகடும் சட்டமும் சேர்த்து வெல்டிங் செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதிக பாரம் ஏற்றி ஓட்டிய வண்டிக்குத்தான் பெரும்பாலும் இப்படி முட்டுக் கொடுப்பார்கள். சேசிஸ் சட்டத்தில், குறிப்பாகப் பெட்டி மடங்கும் கீல் அருகே, விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெட்டியை முழுதாகத் தூக்கி, பாதியில் நிறுத்தச் சொல்லுங்கள். தானாகக் கீழே இறங்கினால் ஜாக்கியிலோ வால்விலோ கசிவு இருக்கிறது. பார்க்கும்போது தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள்.

டிப்பர் தேவைதானா?

கண்மாயும் வயலும் ஒரே ஊரில் இருந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம் மட்டும் மண் வேலை என்றால் டிராக்டரும் டிப்பர் டிரெய்லரும் போதும். உழவுக்கும் அதே டிராக்டர் உதவும். வரப்பு ஓரத்திலும் சகதியிலும் டிராக்டர் போகும் இடத்துக்கு டிப்பர் போகாது. ஆனால் விவசாயத்துக்கு என்று சலுகையில் பதிவு செய்த டிரெய்லரை வெளி வாடகைக்கு ஓட்டக்கூடாது. டிரெய்லருக்கும் எடை வரம்பு உண்டு.

தூரம் கூடும்போதுதான் டிப்பருக்கு வேலை. கடமலைக்குண்டிலிருந்து ஆண்டிபட்டி, தேனி என்று தார்ச்சாலையில் ஓட வேண்டும், ஆண்டில் பல மாதம் வேலை இருக்கிறது என்றால் டிப்பர் பயன்படும். வாங்கும் முன் உங்கள் வயலுக்குப் போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். ஓடைப் பாலம் தாங்குமா, வண்டி திரும்ப இடம் உண்டா, பெட்டியைத் தூக்கும் இடத்தில் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். தூக்கிய பெட்டி மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சாய்ந்த தரையில் பெட்டியைத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். ஈரக் கரம்பை பெட்டியில் ஒருபக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் சரிந்தால் சமதரையிலும் இது நடக்கும். காய்ந்த பிறகு ஏற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண் ஏற்றச் சீட்டு வேண்டும்

எடை சரியாக இருந்தாலும் மண்ணுக்கு அனுமதி இல்லை என்றால் வண்டி பறிமுதலாகும். கண்மாயில் வண்டல் எடுக்க, நிலத்தின் ஆவணங்களோடு இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். 2024-ல் விதிகள் எளிதாக்கப்பட்டு, வட்டாட்சியரே அனுமதி தரும் முறை வந்தது. அனுமதியில் குறித்த கண்மாய், குறித்த அளவு, குறித்த நாள்களுக்குள் மட்டும் எடுக்க வேண்டும். அனுமதியின் நகல் வண்டியில் இருக்கட்டும். வயலுக்கு என்று எடுத்த மண்ணைச் செங்கல் சூளைக்கோ வீட்டு மனைக்கோ விற்கக்கூடாது. மூல வைகையில் அனுமதியில்லாமல் மணல் அள்ளுவது வேறு குற்றம். சொந்த வீட்டு வேலைக்கு என்று சொன்னாலும் தப்ப முடியாது. குவாரியிலிருந்து ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றினால் நடைச்சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

ஆண்டுக்கு என்னென்ன பொருள், எத்தனை டன் ஏற்றப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். அதில் கனமான பொருள் எது என்று குறியுங்கள்.

பார்க்கும் வண்டியின் மொத்த எடை, டிப்பர் பாடியோடு வெறும் எடை, ஆட்கள் எடை மூன்றையும் எழுதி, பாரத்தைக் கண்டுபிடியுங்கள். அதைக் கனமான பொருளின் கன அடி எடையால் வகுத்து, ஒரு நடைக்கு எத்தனை கன அடி என்று எழுதுங்கள்.

ஆண்டு டன்னை அந்தப் பாரத்தால் வகுத்தால் எத்தனை நடை என்று தெரியும். நடைக்கு ஆகும் டீசல், டிரைவர் சம்பளம், டயர் தேய்மானம், காப்பீடு, வரி, எஃப்.சி., தவணை எல்லாவற்றையும் கூட்டி, இப்போது கொடுக்கும் வாடகையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு மூன்று வண்டிகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலை சற்று அதிகமான வண்டி பாரம் கூடுதலாக ஏற்றுவதால் லாபமாக இருக்கலாம். பெட்டி பெரிதாகத் தெரியும் வண்டி, பாரம் குறைவாக இருப்பதால் நட்டமாக இருக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்த வண்டியில், வழியில் எந்த அதிகாரி எடை போடச் சொன்னாலும் டிரைவர் பயமில்லாமல் எடை மேடையில் ஏற்றலாம்.